சார்ஜ் ஏறாத பெட்டியும் அப்பாவின் சிரிப்பும்

எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புச் சட்டம், நடுவில் தடித்த கண்ணாடி. அதற்குள் ஆள் முப்பரிமாணத்தில் நிற்பாராம். தலையைச் சாய்த்துப் பார்த்தால் காதுக்குப் பின்னால் இருக்கிற நரைமுடிகூடத் தெரியுமாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, அப்பாவின் முதலாண்டுத் திதிக்காக அதை வாங்கியிருந்தான். செத்துப்போன மனுஷனைக் கண்ணாடிக்குள் பொம்மையாக ஆட்டி வைத்து, அதற்கு முன்னால் சோறு போடுவதா? சீ, நினைக்கவே எனக்குக் குமட்டியது.

ஆனால் அம்மா ஆசைப்பட்டுவிட்டார். அப்பா படங்களில் சிரித்ததே கிடையாது. கல்யாணப் படத்தில்கூடக் கடன்காரனைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டு நிற்பார். சாகிறதற்கு நாலு மாதம் முன்பு, பெக்கான் நானாஸ் ரோட்டோரம் அன்னாசிப்பழம் வாங்க அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் இறங்கியபோது, காருக்குப் பக்கத்தில் நின்று அப்பா எதற்கோ விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். தம்பி அதைப் போனில் எடுத்திருக்கிறான். நான் கடைப் பக்கம் போயிருந்தேன். முழங்கால் வலியால் அம்மா அன்றைக்கு வரவேயில்லை. இத்தனை நாள் அந்த வீடியோவை யாருக்கும் காட்டாமல் போனிலேயே புதைத்து வைத்திருந்தவன், போன மாதம்தான் இந்தப் பெட்டியில் ஏற்றினான். ஏற்றிய அடுத்த வாரமே சிங்கப்பூர்ப் பாலத்து வண்டி நெரிசலில் மோட்டார் சைக்கிளிலிருந்து போன் விழுந்தது, பின்னால் வந்தவன் அதன்மேல் வண்டியை ஏற்றிவிட்டான். ஆக, அப்பா சிரித்ததற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பெட்டிதான்.

வியாழக்கிழமை சிம்பாங் ரெங்கத்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா தூங்கும் நேரத்தில் எனக்கு இரண்டு நொடி காட்டினான். சத்தமில்லாமல், அசையாமல், வாய் நிறையச் சிரித்தபடி அப்பா நின்றார். உடனே அணைத்துவிட்டான்.

"சார்ஜ் தீரப் போவுதுக்கா. சனிக்கிழம காலையில நான் வந்து போடுறேன். நீ மட்டும் தொடாத," என்றான்.

தொடாதேயாம்! என் வீட்டுக்குள் வருகிற பொருளை நான் தொடக் கூடாதாம். அவன் கிளம்பியதும் சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, முன்னால் நான்கு மூலையிலும் பின்னால் நடுவிலும் பொட்டு வைத்து, குங்குமமும் வைத்தேன். கார், பிரிட்ஜ், துணி துவைக்கிற மெஷின் என்று எது புதிதாக வந்தாலும் அதைச் செய்யாமல் நான் விட்டதில்லை. வெள்ளிக்கிழமை அது காய்ந்து திட்டுத் திட்டாக அசிங்கமாக இருந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பளபளவென்று வைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாயிற்று: ஆட்டுக்கறி, கருவாட்டுச் சம்பல், பக்கத்தில் ஒரு போத்தல் கறுப்புப் பீர். இலை விரித்தாயிற்று. தம்பி வயரைச் சொருகினான். ஒன்றுமில்லை. வேறு பிளக்கில் சொருகினான். ஒன்றுமில்லை. சோற்றுக்குக்கரைப் பிடுங்கிவிட்டு அந்த பிளக்கில் சொருகினான். ஆரஞ்சு விளக்கு ஒரு தடவை மினுக்கிவிட்டுச் செத்துப்போனது.

"வயர் சரியில்ல போல," என்றான்.

"வயர் சரியில்லையா, நீ சரியில்லையா?" என்று நான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நான் நிறுத்துவதில்லை, பத்து பாகாட் டவுன் தையல் பேக்டரியில் என்னோடு வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். "ரெண்டு நாளைக்கு முன்னாடி சார்ஜ் போட்டு வைக்கணும்னு புத்தி வேணாம்? கருமம், திதி அன்னிக்கு வந்து வயரத் தேடுறான் பாரு!"

அவன் இன்னொரு வயர், பிறகு பவர் பேங்க், பிறகு காரில் இருக்கிற சார்ஜர் என்று ஒவ்வொன்றாக மாற்றினான். அதற்குள் ஆளாளுக்கு மேதாவி ஆகிவிட்டார்கள். ஒரு மாமா பெட்டியை வாங்கித் தொடையில் ரெண்டு தட்டு தட்டினார். கறிச்சட்டியில் கைவைத்த அத்தை ஒருவர், அதே கையால் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அப்பா நிற்க வேண்டிய இடத்தில் ஐந்து விரல் எண்ணெய். ஒரு ஈ அதில் உட்கார்ந்து நிதானமாகக் காலைத் தேய்த்துக்கொண்டது. சீ என்று துணியை வீசி அதை விரட்டினேன்.

"ரோசாக் லா, கெட்டுப்போச்சு, தூக்கிப் போடு. பழைய போட்டோவ வையி," என்றார் மாமா.

அம்மா நாற்காலியிலிருந்து அசையவில்லை. "அந்த மூஞ்சிய அம்பது வருசமா பாத்தாச்சு. சிரிக்கிறதக் காட்டுங்க, அப்புறம் சூடம் கொளுத்துவோம்," என்றார். அதற்குமேல் அம்மாவிடம் பேச யாருக்கும் தைரியமில்லை. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

தம்பி, பெட்டி விற்ற கம்பெனிக்குப் போனில் எழுதிக் கேட்டான். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இனிக்க இனிக்கப் பதில் வந்தது. எனக்கு அந்த இனிப்பைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தீர்களா? பார்த்தோம். பட்டனைப் பத்து நொடி அழுத்தினீர்களா? அழுத்தினோம். அப்படியென்றால் பின்னால் உள்ள சிறு துளையில் ஊசியைக் குத்துங்கள், எல்லாம் அழிந்து பெட்டி புதிதாகிவிடும். தம்பி களைத்துப்போய் நிஜமாகவே ஒரு சேப்டி பின்னை எடுத்துவிட்டான். அவன் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

"எல்லாம் அழிஞ்சிருமாம்லடா! அப்பாவும்தானே அழிஞ்சி போவாரு!"

அவன் பின்னைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். நானே அவனைக் காரில் ஏற்றி டவுனில் இருக்கிற போன் கடைக்குக் கூட்டிப் போனேன். வழி நெடுக வாய் ஓயவில்லை. அவனுடைய சிங்கப்பூர்ச் சம்பளம், அவனுடைய சோம்பேறித்தனம், உடைந்த போன், எல்லாவற்றையும் இழுத்து வைத்துத் திட்டினேன்.

கடைக்காரச் சீனப் பெண் வயரைப் பார்க்கவேயில்லை. பெட்டியைத் திருப்பி, பின்னால் இருந்த சார்ஜ் ஓட்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். ஒரு மெல்லிய குச்சியை விட்டு மெதுவாகக் கிண்டினாள். மஞ்சளாக, கட்டி கட்டியாக என்னவோ உதிர்ந்தது. கடைசியில் கொஞ்சம் சிவப்பும் வந்தது.

"அலாமாக்! ஆன்ட்டி, இது என்ன, முகத்துக்குப் போடுற பவுடரா?" என்று மலாயில் கேட்டாள்.

பன்னீரின் வாசம் அந்தக் கடை முழுக்க வந்ததுபோல் இருந்தது. பொட்டு வைத்ததோடு விட்டிருந்தால்கூட மேலாகக் காய்ந்து உதிர்ந்திருக்கும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து உள்ளே அடைத்தவள் நான். தம்பி அந்த மஞ்சள் தூளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சாமிக்கு வைக்கிறது. என் தப்பு, நான்தான் கவனிக்கல," என்று அவளிடம் சொன்னான்.

வயரைச் சொருகியதும் ஆரஞ்சு விளக்கு எரிந்து, அணையாமல் நின்றது. வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் மாமா, "என்னவாம்?" என்று கேட்டதற்கு, "வயர்தான் மாமா, நான் தப்பான வயர் கொண்டாந்துட்டேன்," என்றான். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றேன். ஈயையும் அத்தையின் கையையும் பார்த்துச் சீ என்றவளுக்கு, அந்த நிமிடத்தில் தன்னையே சீ என்று சொல்லத் தோன்றியது.

கண்ணாடியைத் துடைத்துப் படையலுக்கு முன்னால் வைத்தோம். அப்பா அசையாமல் நின்றார். அசைய வைக்கவும் சத்தம் வரவைக்கவும் தம்பியின் போன் அதோடு சேர வேண்டும். போனோ பெட்டியைக் காணோம் காணோம் என்றே சொன்னது. இன்னொரு கால்மணி நேரம் அதிலே போனது. இவன் புதுப் போன் இன்னும் சிங்கப்பூர் லைனிலேயே கிடந்திருக்கிறது. பெட்டியும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் பேசிக்கொள்ளுமாம். வேறு நாளாக இருந்தால் இதற்கு நான் ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். அன்றைக்கு வைஃபையின் பாஸ்வேர்டை மட்டும் அடக்கமாகச் சொன்னேன். சாமிப்பாட்டுக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்பீக்கரை அவன் போனோடு இணைத்தான்.

அப்பா தலையைத் திருப்பினார். தோள் குலுங்கியது. கூடவே, வீடே அதிரும்படி ஒரு பொம்பளைக் குரல்:

"சீ, கருமம்! இது பழமா? ஈ மொய்ச்சி நாறிக் கெடக்கு, இத என் தலையில கட்டப் பாக்குறியா? ஆடுகூடத் திங்காது!"

என் குரல். காலையிலிருந்து இந்த வீட்டில் எல்லாரும் கேட்ட அதே குரல், அதே கருமம். சொந்தக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். படத்துக்குள்ளே நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். அப்பா காரில் கையை ஊன்றி, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு படமெடுத்த தம்பியின் பக்கம் திரும்பினார்.

"எடுடா, எடு. அப்படியே உங்கம்மா. கொண்டு போயி அவகிட்ட காட்டணும்."

அவ்வளவுதான் வீடியோ. தம்பி சுவரோரம் போய் நின்றுகொண்டான். அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் அதை அம்மாவுக்குக் காட்டாமலே விட்டது அவனை எப்படி அரித்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்காகத்தான் அவன் அந்தப் பெட்டியை வாங்கியிருக்கிறான்.

"வயரு இல்ல. நான்தான் சந்தனத்த அடைச்சி வச்சேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல," என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருடம் கூட வாழ்ந்த மனுஷனின் சிரிப்பை அன்றைக்குத்தான் ஆற அமரப் பார்க்கிறார்.

"சரி, காட்டிட்டாரு," என்றார் அம்மா. "இப்ப சூடத்தக் கொளுத்து."