வெள்ளிக்கிழமை முட்டைகள்

நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி, புல்லும் புதரும் மண்டிய வெறும் நிலம் ஒன்று இருந்தது. அங்கே வீடுகள் கட்டப்போவதாகவும், அதற்கு முன் பாம்புகளைப் பிடித்து வேறிடத்தில் விட ஒருவர் வருவார் என்றும் அறிவித்தல் ஒட்டினார்கள். அதைப் படித்துச் சொன்னது நான்தான். கனடாவில் பாம்பு இருப்பதே அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

என் சாதகத்தில் நாகதோஷம். டொரொண்டோவிலிருந்து வந்த சம்பந்தங்கள் அதனால் நின்றுபோயிருந்தன. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அம்மாவுக்கு இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கிருந்த கற்குவியலருகே பாலும் பச்சை முட்டையும் வைக்கத் தொடங்கினாள்.

"விடியப் பார்த்தா முட்டைக்கோதுதான் மிச்சம் மகள். எல்லாம் குடிச்சுப்போட்டுது."

"அம்மா, அது பாம்பு குடிச்சதெண்டு எப்பிடித் தெரியும்?"

"வேற ஆர் குடிக்கிறது? உன்ர மனேஜரோ?"

பாம்பு பிடிப்பவர் பிரெஞ்சு மட்டும் பேசும் ஒல்லியான மனிதர். ஒரு காலை எங்களைக் கண்டதும் கைகாட்டி அழைத்தார். கற்கள் புரட்டப்பட்டு, அடியில் மண் தோண்டப்பட்டிருந்தது. சுற்றிலும் முட்டையோடுகள். ஓரிரு பாம்பு வால்கள்.

"யாரோ ஸ்கங்குகளுக்கு விருந்து வைக்கிறார்கள்" என்றார். ஸ்கங்க் என்பது நாற்றநீர் பீச்சும், பூனையளவுக் கறுப்பு வெள்ளை விலங்கு. அடிக்கோல் நீளமே உள்ள இந்தப் பழுப்புப் பாம்புகள் புழுவும் ஓடில்லாத நத்தையும் தின்பவை, முட்டையைத் தொடாதவை. முட்டைக்கு வந்த ஸ்கங்குகள், கல்லுக்கடியில் இருந்தவற்றையும் கிளறித் தின்றுவிட்டன. பாம்பு போட அவர் கொண்டுவந்த துணிப்பைகள் எல்லாம் காலியாய்த் தோளில் தொங்கின.

"என்னவாம்?" என்றாள் அம்மா. மூக்குக்கண்ணாடி இல்லாததால் அவளுக்கு வால்கள் தெரியவில்லை.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. உண்மையைச் சொன்னால், நாகங்களைக் கொன்றவள் தானே என்று எண்ணுவாள். தோஷம் இரட்டித்துவிட்டது என்று சாப்பாட்டை விடுவாள். சொல்லாவிட்டால், வருகிற வெள்ளி மறுபடி முட்டை. மிஞ்சிய பாம்புகளும் போகும்.

மூன்றாவது ஒன்றைச் செய்தேன். "எல்லாத்தையும் பிடிச்சு நல்ல இடத்தில விட்டிட்டாராம். இனி இஞ்ச முட்டை வைக்கத் தேவையில்லையாம்."

அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நன்றி சொன்னாள். "மெர்சி, மெர்சி." அவர் குழம்பிப்போய்த் தலையசைத்தார்.

"எங்க விட்டவராம்? எந்த பஸ் போகும்?"

"தூரம் அம்மா. மூண்டு பஸ் மாறோணும்."

"அதுக்கென்ன," என்றாள். "இந்த வெள்ளிக்கு லீவு போடு. ரெண்டு பேருமாப் போவம்."