மூன்று பொட்டலத் தூரம்

பரவையில் விவசாயம் பார்த்த என் மாமனார் மைல் கணக்கை மதிக்க மாட்டார். தூரத்தைச் சோற்றுப் பொட்டலத்தால்தான் அளப்பார். மதுரையிலிருந்து திருச்சி ஒரு பொட்டலம், மதராஸ் மூன்று.

யுத்தம் முடிந்த புதிதில் மதராஸில் ஒரு கல்யாணம். ரயிலில் திருச்சிக்குப் போய், அங்கிருந்து ஏரோப்ளேனில் பறப்பதாக ஏற்பாடு செய்தேன்.

“திருச்சியிலேர்ந்து ஒன்றரை மணி நேரந்தான் மாமா, சோறு எதுக்கு?” என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! மூன்று பொட்டலம் புளிச்சோறு கட்டிக்கொண்டார்.

முதல் பொட்டலம் திருச்சிக்குள் தீர்ந்தது. ஏரோப்ளேன் கிளம்பியதும் இரண்டாவதைப் பிரித்தார். முன்னால் இருந்த வெள்ளைக்காரத் துரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இரண்டாவது தடவை பசியோடு பார்த்ததாகத்தான் எனக்குப் பட்டது.

மதராஸில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மாமனார் மட்டும் அசையவில்லை.

“இறங்குங்க மாமா, மதராஸ் வந்தாச்சு.”

“அதெப்படி மாப்ள? இன்னும் ஒரு பொட்டலம் கெடக்குல்ல?”

விமானியே வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. பொட்டலத்தைப் பிடுங்கி நானே அள்ளி அள்ளித் தின்றேன். விக்கல் வேறு. மாமனார் இலையில் பருக்கை இல்லையென்று பார்த்துவிட்டு எழுந்தார்.

“இப்ப வந்துருச்சு. வாங்க.”

ஊர் திரும்பியதும் பக்கத்துக் காட்டுக்காரர் ஆவலாகக் கேட்டார்: “ஏரோப்ளேன்ல வெரசாப் போயிரலாமாண்ணே?”

“எங்க? அதுலயும் மூணு பொட்டலந்தான். மாப்ள கூடமாட ஒத்தாசையாத் தின்னாரு. இல்லைன்னா இன்னும் நேரமாயிருக்கும்.”