எழுத்து விழுந்த பை

கைப்பைக் கடையில் அவளுக்கு மாடியக்கா என்று பேர். சேர்ந்த நாள் முதல் மாடிப் பிரிவில்தான் வேலை. கீழ்த்தளத்தில் கம்பெனிப் பேரை உள்ளங்கை அகலத்துக்குத் தங்க எழுத்தில் பதித்த பைகள் பளபளக்கும். மாடியில் எழுத்தே கிடையாது. மெத்தென்ற தோல், நூல் பிசகாத தையல், உள்ளே விரல் விட்டுத் தடவினால் மட்டும் தட்டுப்படும் சின்ன முத்திரை. விலையோ பல மடங்கு. "பேர் வெளிய தெரியாம இருக்கறதுக்கா இவ்வளவு விலை?" என்று ஆரம்பத்தில் வாயைப் பிளந்தவள்தான்.

அப்போது அவளும் தங்கையும் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கைப்பை, கீழ்த்தளத்துச் சரக்கு. வார நாட்களில் தங்கையோடு ஆபீஸுக்குப் போகும். ஞாயிறானால் அக்கா தோளுக்கு வரும். பஸ் நெரிசலில் யார் காலை மிதித்தாலும் தங்கைக்கு உறைக்காது, எழுத்து வெளிப்பக்கம் தெரிந்தால் போதும்.

ஒருநாள் சாயங்காலம் தங்கை கண்கள் வீங்க வந்து நின்றாள்.

"போச்சுக்கா. பஸ்ஸுல இடிபட்டு எழுத்து எங்கயோ விழுந்துடுச்சு. நாளைக்கு எப்படி ஆபீஸ் போவேன்?"

அக்கா பையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு ஓட்டைகளும் கொஞ்சம் பசையும்தான் மிச்சம். பசையைச் சுரண்டி, ஓட்டைகளை மெழுகால் அடைத்து, மாடிப் பைகளைத் துடைப்பது போலவே மெழுகெண்ணெய் தொட்டு நிதானமாகத் துடைத்தாள்.

"அழாதடி. உன் பைக்குப் பதவி உயர்வு. மாடிக்கு ஏறிடுச்சு."

மறுநாள் தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மேனேஜர் வீட்டம்மா வந்திருந்தாங்கக்கா. பையத் தொட்டுப் பாத்துட்டு, 'இப்படி அடக்கமா இருக்கறதுதான் அழகு, எங்க வாங்கினே'ன்னாங்க. சும்மா சிரிச்சு வெச்சேன். இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருந்தா குட்டு உடைஞ்சிருக்கும்!"

பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும்வரை இருவரும் ஓயவில்லை.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், ஆளுக்கொரு திசையில் வீடு. தங்கை பெரிய அதிகாரி ஆனாள். அன்றைக்குப் பிறகு எழுத்து வைத்த பையை அவள் வாங்கியதே இல்லை.

அக்கா ஓய்வு பெற்ற அன்று, பிடித்த பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர். எல்லோரும் மாடியில் காத்திருக்க, அவள் விறுவிறுவென்று கீழே இறங்கி, எழுத்துகள் வாரி இறைத்த சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"அக்கா, உங்க ரசனைக்கு மாடியில..." என்று இழுத்தார் கடைக்காரர்.

"ரசனை எல்லாம் வேலை நேரத்துக்கு, தம்பி."

அந்த வாரமே பையோடு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னக்கா இது, எதிர்வீட்டுலேருந்தே படிக்கலாம் போலிருக்கு!"

"படிக்கட்டுமே. இத்தனை வருஷம் ஊமைப் பைகளோட குடித்தனம் பண்ணியாச்சு."

தங்கை பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

"நாம இருந்த அந்த ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சுக்கா?"

"கட்டில் தலைமாட்டுல."

"இல்லக்கா, கால்மாட்டுல. வெயில் என் பாதத்துலதான் விழும்."

டீ ஆறிப்போனது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.