மூன்றாவது கூப்பாடு

கோர்ட்டில் வக்கீலுக்கு வாய் வேண்டும், டவாலிக்குத் தொண்டை வேண்டும். செங்கல்பட்டு கோர்ட்டில் ஜட்ஜ் ஐயாவுக்கு முன்னால் நடந்து, கேஸ்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் நான். எட்டாவதோடு நின்றவனுக்கு அது போதும். வாய்தாவுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவர்களே, உங்கள் பேரையும் கத்தியிருப்பேன்.

முதல் நாள்

கடப்பாக்கம் முனியம்மா மீன் விற்கிறவர். கரைக்குப் போகும் பாதையை மறித்து ஒரு ரிசார்ட்காரர் சுவர் எழுப்பிவிட்டார். சுற்றிக்கொண்டு போவதற்குள் ஏலம் முடிந்துவிடும். இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைக்க, கேஸ் போட்டார். நான் பழக்கதோஷத்தில் ஜனங்களின் தலைக்கு மேலே பார்த்துப் பேரைக் கத்தினேன்.

"எதுருலதான் நின்னுகினு கீறேன், நீ இன்னா அண்ணாத்த ஆகாசத்தப் பாத்து கூவுற?"

வேண்டிய ஆளு

ரிசார்ட்காரருக்காக ஒரு கட்சிப் புள்ளி வந்தார். ஐயாவை அறையில் தனியாகப் பார்க்கணுமாம். உள்ளே போய்ச் சொன்னேன். ஐயா ஃபைலிலிருந்து தலை தூக்கவில்லை. "பேசறதை எல்லார் முன்னாடியும் வக்கீல் பேசட்டும். அவரைப் போகச் சொல்லுங்க." அப்படியே வந்து ஒப்பித்தேன். புள்ளிக்கு முகம் சுண்டிவிட்டது.

"நம்ம ஆட்சியில நமக்கே கதவ சாத்துறாங்கோ, இன்னா பேஜாரா கீதுபா!"

மெதுவா கூப்பிடு

சாட்சி சொல்லும் நாள். இரண்டு வாய்தா ஏற்கெனவே போயாச்சு. மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் கேஸ் தள்ளுபடி. வக்கீலம்மா வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். வராந்தாவில் யாரோ மீன் வாடை என்று மூக்கைப் பொத்த, முனியம்மா ரோஷத்தோடு கேட் ஓரத்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். அதைக் கவனித்த புள்ளி என் தோளில் கை போட்டார். "கூப்டாதன்னு சொல்லல பெருசு. மெதுவா கூப்டு, போதும்."

யோசித்துப் பாருங்கள். மெதுவாகக் கூப்பிட்டாலும் கணக்குக்குக் கூப்பிட்டதுதான், என்னை யாரும் கேட்க முடியாது. வாசலில் நின்று கூப்பிட்டேன். லாரி ஹாரன் விழுங்கிவிட்டது. இரண்டாவதும் வீண். மூன்றாவதற்குப் படியிறங்கிப் போய் அடிவயிற்றிலிருந்து விட்டேன். மரத்துக் காக்கையெல்லாம் பறந்தன. முனியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து கூண்டேறினார். ஐயா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"ஏன் பெரியவரே, மகாபலிபுரத்துல இருக்கிறவங்களையும் சேத்துக் கூப்பிட்டீங்களா?"

தீர்ப்பு முனியம்மா பக்கம் வந்தது, நானும் ரிட்டயர் ஆனேன், சுவரை இடிக்கப் போட்ட மனுவுக்கு இப்போது புது டவாலி அந்தம்மா பேரைக் கத்திக்கொண்டிருக்கிறார்.