திக்கிப் பாடிய பாட்டு

எல்லோரும் அவனைக் கம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். கிடார் கம்பியும் ஒரு காரணம், ஒல்லி உடம்பும் ஒரு காரணம். ராக் இசைக் குழு ஒன்றில் பத்து வருடம் வாசித்தான். பாட்டுகளையும் அவனே எழுதினான். ஒன்றும் எடுபடவில்லை. பதினோராவது வருடம் எழுதிய பாட்டுதான் ஊரையே ஆட்டி வைத்தது.

காதலைச் சொல்ல முடியாமல் திக்குகிற ஒருவனின் பாட்டு அது. "வ... வ... வந்து" என்று கம்பி இழுத்ததும் கூட்டம் மொத்தமும் சேர்ந்து திக்கும். அதை எங்கே பிடித்தீர்கள் என்று பேட்டிகளில் கேட்டார்கள். "சும்மா, தானா வந்துச்சு" என்றான்.

தானாக வரவில்லை. அவனுடைய அண்ணன் அப்படித்தான் பேசுவார். லேத் பட்டறையில் வேலை. தாடை இறுக, கண்ணை மூடி, மூன்றாவது தடவையில்தான் சொல்லை வெளியே தள்ளுவார். நடுவில் அவர் இழுக்கும் மூச்சைக்கூட விடாமல் கம்பி பாட்டில் வைத்திருந்தான். அவனுக்கு முதல் கிடார் வாங்கித் தந்தவரும் அவர்தான்.

பாட்டு வந்து இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம் பட்டறைக்குப் போனான். அண்ணன் இரும்புக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இவனும் கூடப் போனான். கடையில் அவர் வாயே திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். போல்ட் அளவு, வாஷர் எத்தனை, எல்லாம் அதில் எழுதியிருந்தது.

"என்ன வ-வ-வந்து, இன்னைக்கும் சீட்டுதானா?" என்றார் கடைக்காரர், பாட்டின் மெட்டிலேயே. பிறகுதான் கம்பியைக் கவனித்தார். "சார், நீங்களா? உங்க பாட்டுன்னா எங்களுக்கு உசுரு. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

போனை அண்ணன் கையில் கொடுத்தார். கம்பி சிரித்தபடி நின்றான். அண்ணன் எடுத்துக் கொடுத்தார்.

தெருவில் இறங்கியதும் கம்பிக்குக் காதெல்லாம் சுட்டது. "எப்போலேர்ந்துண்ணே இப்படி?"

"பா... பாட்டு வந்ததுலேர்ந்து. வா... வாயத் தொறந்தா அதைப் பாடறாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எ... எழுதறப்ப நீ என்னைக் கேட்டியா?"

போல்ட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார்.

அந்த வாரக் கடைசியில் நடந்த கச்சேரியில் அந்தப் பாட்டை வாசிக்க மாட்டேன் என்றான் கம்பி. "அதுக்குத்தானேடா டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்காங்க" என்று டிரம்மர் கெஞ்சினான். காரணத்தைச் சொல்லக் கம்பிக்குக் கூசியது. கூட்டமும் விடவில்லை. கிடார் இல்லாமல் அவர்களாகவே திக்கித் திக்கிக் கடைசி வரி வரை பாடினார்கள். அவன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றான். ஒரு வருடத்துக்குள் குழு கலைந்தது.

இப்போது ஒலிப்பதிவுக் கூடங்களில் மற்றவர்களின் பாட்டுக்கு வாசிக்கிறான். அந்தப் பாட்டு பஸ்களிலும் கடைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கப் போன ஒவ்வொரு தடவையும் அண்ணி டீ கொடுப்பாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். போன மாதம்தான் ஒருவழியாகக் கேட்டான்.

அண்ணன் பதில் சொல்லத் தொடங்கினார். முதல் சொல் வர நேரமானது. கம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூ... மூஞ்சியப் பாருடா" என்றார் அண்ணன். "நான் பே... பேசிட்டிருக்கேன்ல."