ஆறாம் அறையில் நின்ற கர்சர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்னமனூரில் புளி மூட்டை சுமந்தேன், பிறகு புளி வாங்கி விற்றேன், பிறகு உத்தமபாளையம் ரோட்டில் எட்டு அறை வைத்துக் குளிர்பதனக் கிடங்கு கட்டினேன். பேங்கில் சிரித்தார்கள், சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், கட்டினேன். கம்ப்யூட்டரை யாரும் தொட்டுப் பார்க்காத காலத்தில் யூனிக்ஸ் சர்வர் வைத்தவனும் நான்தான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் போய் வேலையைப் பார் என்பேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எங்கள் யூனிக்ஸில் படமும் இல்லை, மவுஸும் இல்லை, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். எந்த அறையில் யார் சரக்கு என்பது அதில்தான் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டது அருள்மேரி என்ற பிள்ளை. நாம் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி, அது தினமும் திரையின் இடது மூலையில் சிலுவையாக ஒரு கூட்டல் குறி போட்டுவிட்டுத்தான் வேலை தொடங்கும். அடுத்து, மின்னுகிற கர்சரைத் திரையில் ஆறாம் அறைக் கட்டத்துக்குக் கொண்டுபோய், "ஆறாம் ரூம் கதவப் பாருங்கய்யா" என்று குரல் கொடுக்கும். அந்தக் கதவின் வெளித் தாழ்ப்பாள், உள்ளே ஆள் இருந்தாலும் தானாக விழுந்துவிடும். மாற்ற வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். மேரி மஞ்சள் காமாலையில் செத்துப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

அதற்குள், சர்வரோடு வயரில் இணைத்திருந்த பழைய டெர்மினல் திரைகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. புதுக் கம்ப்யூட்டரைப் பழைய டெர்மினல் மாதிரி நடக்கவைக்கும் சாஃப்ட்வேர் ஒன்று தேவைப்பட்டது, எமுலேஷன் என்பார்கள். மதுரையிலிருந்து செந்தில் மூன்று கம்ப்யூட்டரில் மூன்று விதம் போட்டுக் கொண்டுவந்து வரிசையாக வைத்தான். மதியச் சாப்பாட்டு நேரம், ஆட்கள் யாரும் இல்லை.

முதலாவதில் கட்டத்துக் கோடெல்லாம் கியூ கியூ என்று எழுத்தாக வந்தது.

"இதென்னப்பா, கட்டத்துல எறும்பு ஊருது?"

"செட்டிங்ல மாத்திரலாம்ணே. இதத்தான் எல்லாரும் வாங்குறாக."

"எல்லாரும் வாங்குறத வாங்கவா ஒன்னைய மதுரையில இருந்து வரச்சொன்னேன்?"

இரண்டாவதில் கோடு சரி. ஆனால் சரக்கைப் பார்க்க அழுத்தும் பட்டன், சரக்கு வெளியே போய்விட்டதாகக் காட்டியது. செந்தில் குனிந்து அதை நோண்டிக்கொண்டிருந்தான். நான் மூன்றாவதன் முன்னால் உட்கார்ந்தேன். எட்டு அறையும் கோடு பிசகாமல் நின்றன. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் கட்டம் தெரியும். இதுதான் என்று அப்போதே முடிவு செய்தேன். பிறகுதான் இடது மூலையைப் பார்த்தேன். ஒரு கூட்டல் குறி. நான் எதையும் தொடவில்லை. கர்சர் ஆறாம் அறையில் நின்று மின்னிக்கொண்டிருந்தது.

எழுந்து போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். தாழ்ப்பாளைத் தூக்கினால் உள்ளே லோடுமேன் கருப்பையா, வெறும் பனியனோடு, சாக்கைப் போர்த்திக்கொண்டு, உதடெல்லாம் நீலமாக உட்கார்ந்திருந்தான்.

"தட்டிக்கிட்டே இருந்தேன் மொதலாளி. கம்ப்ரசர் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல."

அன்று மாலையே தாழ்ப்பாளை மாற்றினேன். செந்திலிடம் மூன்றாவதையே போடச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"அத எப்படிண்ணே பாத்தீக? அதுக்கு நான் இன்னும் சர்வர் வயரே குடுக்கலயே."

வயர் அவன் பையில் இருந்தது. சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டபடி. திரும்பிப் பார்த்தேன், திரை வெறும் கறுப்பு. அதன் பிறகு எத்தனையோ வருடம் அதே சாஃப்ட்வேர் ஓடியது, கூட்டல் குறி ஒருநாளும் வரவில்லை. அந்த ரப்பர் பேண்ட் மட்டும் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மேரிதான் காப்பாற்றியது என்று கருப்பையா ஊரெல்லாம் சொல்கிறான், அந்தப் பிள்ளை கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகிறான். கொண்டுபோகட்டும். காட்டியது மேரியாகவே இருக்கட்டும். சரியான சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்ததும், எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தூக்கியதும் நான். இதை யார் யாரிடம் சொன்னாலும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.