குகன் அண்ணையின் கால் மைல்

எரிந்த ரப்பரும் பெற்றோலும் கலந்த ஒரு மணம்... தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கோடைச் சனிக்கிழமைகளில் என் சட்டையில் அதுதான் இருக்கும்.

அப்போது மொன்றியலில் ஒரு சிறிய தமிழ் வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, அரங்கேற்றம், மரண அறிவித்தல். இவற்றுக்கு நடுவே கிடைத்த வித்தியாசமான மனிதர் குகன் அண்ணை. நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் வேலை. வில்லரே பகுதியில் இரண்டாம் மாடி வீடு. பின் சந்தில் வாடகைக்கு எடுத்த கராஜுக்குள் எட்டுச் சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்று, எழுபதாம் ஆண்டுத் தயாரிப்பு. எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். எழுதினால் மற்றக் கம்பெனி ரசிகர்கள் கொமென்டில் சண்டைக்கு வருவீர்கள்.

அவருடைய பந்தயம் எளிமையானது. ஆற்றுக்கு அப்பால் ஒரு பந்தயத் திடல், அதில் நேரான பாதை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள், கால் மைல் தூரம். பச்சை விளக்கு எரிந்தால் மிதிக்க வேண்டியதுதான். முடிவில் நேரத்தை ஒரு துண்டுக் கடதாசியில் அடித்துக் கொடுப்பார்கள்.

“தொழிற்சாலையில இருந்து வந்த காரை எவ்வளவு தூரம் மாத்தலாம், அண்ணை?” என்று பேட்டிக்காகக் கேட்டேன்.

“எங்க நிப்பாட்டிறது எண்டு மனிசியைத்தான் கேக்க வேணும், தம்பி.”

வாங்கியபோது அந்தக் கார் கால் மைலுக்குப் பதினைந்து வினாடி எடுத்தது. காபரேட்டரையும் கேம் ஷாஃப்டையும் மாற்றினார், பதினாலு. பின் அச்சின் பல்சக்கரங்களை மாற்றினார், பதின்மூன்று. அதற்குப் பிறகு ஹைவேயில் தொண்ணூறில் போனால் எஞ்சின் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடியாது. பந்தய டயர்களை டிக்கியில் ஏற்றிப்போய்ப் பந்தயத் திடலில் மாட்டினார், பன்னிரண்டு சொச்சம்.

வீட்டில் வேறு கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவி வசந்தி அக்காவும் ஆறு வயது மகள் அபியும் அதே காரில்தான் டொலார்ட் பகுதியில் உள்ள கோயிலுக்குப் போவார்கள். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. பாரம் குறைக்க வெள்ளி பின்னேரம் பின் சீட்டைக் கழற்றி, வெளி இரும்புப் படிக்கட்டால் மேலே தூக்கிப்போய் ஹோலில் போடுவார். சனிக்கிழமை வருகிற விருந்தாளிக்கு அதுதான் சோபா. வசந்தி அக்கா அதற்குப் பூப்போட்ட கவர்கூடத் தைத்திருந்தார். ஞாயிறு காலை அது மறுபடி காருக்குள் போய்விடும்.

குகன் அண்ணைக்குப் பதினொன்று வேண்டும், அதாவது நேரம் பன்னிரண்டு வினாடிக்குக் கீழே இறங்க வேண்டும். இனிச் செய்ய மிச்சமிருந்தது ஒன்றுதான்: காரின் தரையை வெட்டி இரும்புக் குழாயால் கூண்டு அடித்து, ஹீட்டரையும் பின் சீட்டையும் நிரந்தரமாக எடுத்துவிடுவது. பிறகு அது தெருவில் ஓடாது. டிரெய்லரில்தான் போகும்.

“இந்த சீசன் முடியிறதுக்குள்ள பதினொண்டு வந்தா வெட்டமாட்டன். வராட்டி வெட்டுவன்,” என்றார்.

வசந்தி அக்கா சம்மதித்தார். அன்றிலிருந்து பதினொன்று வேண்டுமென்று அவரைவிட அதிகம் பாடுபட்டவர் அக்காதான். இரண்டு மாதம் இரவில் புட்டு இல்லை, வெறும் சூப்.

“காருக்குள்ள இருக்கிற பாரத்தில கழட்டாமல் விட்டது உங்களைத்தான்,” என்பார்.

செப்டெம்பரில் கடைசிச் சனிக்கிழமை. அக்காவும் அபியும் முதல் முறையாகப் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்காகவே பின் சீட் காரில் இருந்தது. அங்கே போனதும் அதைக் கழற்றிப் புல்லில் போட்டோம். அதில் உட்கார்ந்துதான் அக்கா, அபி, நான் மூவரும் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு ஓட்டம் பார்த்தோம்.

மூன்றாவது ஓட்டம் முடிந்து வந்தவர் துண்டைப் பார்த்தபடி நின்றார். அக்கா எழுந்து போய் வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு தசம் பூச்சியம் ஒன்று.

“இது பன்ரெண்டுதானே?”

“ஓம்.”

“ஒரு கண் சிமிட்டுற நேரம்கூட இல்லை...”

“ஓம்.”

அக்கா துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். “சரி. வெட்டுங்கோ. சொன்னது சொன்னதுதானே.” பிறகு புல்லில் கிடந்த சீட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். “இஞ்சருங்கோ, மற்றப் பக்கத்தைத் தூக்குங்கோ.”

திரும்பி வரும் வழியில், ஆற்றைக் கடக்கும் சம்ப்ளேன் பாலம் வரை யாரும் கதைக்கவில்லை. கதைத்திருந்தாலும் கேட்டிருக்காது.

அந்தக் குளிர்காலம் வெட்டினார். குடும்பத்துக்கு ஒரு பழைய வேன் வந்தது. அடுத்த கோடையில் டிரெய்லரோடு போனது நானும் அவரும் மட்டும். முதல் நாளே பதினொன்று தசம் நாலு. ஹெல்மெட்டைக் கழற்றிச் சுற்றிலும் பார்த்தார். பிறகு காசு போடும் டெலிபோனுக்குப் போனார்.

“பதினொண்டு தசம் நாலு,” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஓம், சாப்பிட்டன்.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “சந்தோசமாம்,” என்றார்.

இரண்டு வருடத்தில் பக்கத்து ஊரான லவாலில் இருந்து வந்த ஒருவருக்கு அதை விற்றுவிட்டார்.

போன மாதம் அபி எங்கள் எல்லோரையும் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். மின்சாரக் கார். முன்னால் குகன் அண்ணை, பின்னால் அக்காவும் நானும், நடுவில் பூமாலையும் தேங்காயும். வெறும் வீதி ஒன்றில் ஒருதரம் மிதித்தாள். என் முதுகு சீட்டோடு ஒட்டியது. சத்தமில்லை, மணமில்லை. அக்கா தேங்காயைப் பிடித்துக்கொண்டார்.

“கால் மைலுக்கு எவ்வளவு?” குகன் அண்ணை கேட்டார்.

“பதினொண்டு சொச்சம் எண்டு வாசிச்சனான், அப்பா.”

அவர் டாஷ்போர்டைத் தடவிப் பார்த்தார். “இதில என்னத்தை மாத்தலாம்?”

“ஒண்டையும் தொட ஏலாது அப்பா. வாரண்டி போயிடும்.”

“நல்லதாப் போச்சு,” என்றார் வசந்தி அக்கா.

குகன் அண்ணை கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்... கோயில் வரும்வரை அவை அங்கேயே இருந்தன, செய்ய வேலை எதுவும் இல்லாமல்.